எச்சில் காற்று

2 மே 1983, திங்கள்

விடியும்போதே டெல்லி அனல். தண்ணீர் கொஞ்ச நேரம் வந்து நின்றுவிட்டது. கூலர் தட்டியில் புல் மாற்ற வேண்டும். ரேஷனில் சர்க்கரை இல்லை, வியாழன் வரச் சொன்னான்.

சனிக்கிழமை முதல் பின்சுவரில் இடி. கீழ்த்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் சூரியின் ஆட்கள். வெள்ளைக் குழாய் ஒன்றைக் கீழேயிருந்து ஏற்றி, எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டி மொட்டைமாடிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நடுவில் முதல் மாடியில் குடியிருப்பவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்காரர் சௌத்ரியிடம் கேட்டேன். "டாக்தர் சாப் கா நயா மெஷின்", டாக்டரின் புது மெஷின், என்று ஹுக்காவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கவனிக்க வேண்டியது.

என்ன மெஷின் என்று என் மனைவி செண்பகம்தான் கேட்டு வந்தாள். அவள் பல் அந்த டாக்டரிடம் பாதி வேலையில் நிற்கிறது. வலப்பக்கக் கீழ்க் கடைவாய். துளைத்து, நரம்பை எடுத்து, கிராம்பு வாசனை அடிக்கும் பஞ்சை உள்ளே வைத்து, மேலே தற்காலிகமாகச் சாந்து பூசியிருக்கிறார். இன்னும் ஒரு சிட்டிங், அதிகம் போனால் இரண்டு. அடுத்த திங்கள் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சாந்து விழுந்தால் உடனே வந்துவிட வேண்டும், விட்டால் சீழ் பிடித்துப் பல்லையே எடுக்க வேண்டியதாகும் என்றாராம்.

மெஷின் பற்றி செ. சொன்னது:

"இனிமே துப்பவே வேண்டாமாம். வாயோரத்துல ஒரு சின்னக் குழாயத் தொங்கவிட்டா எச்சி, ரத்தம், தண்ணி எல்லாத்தையும் அதுவே இழுத்துக்கிடுமாம். மூணு நாற்காலிக்கும் சேத்து ஒரே மோட்டாரு. மாடிப்படிக்கு அடியில வச்சிருக்காரு."

"இழுத்து எங்க விடுது?"

"அது எனக்கு எதுக்கு? என் வாயில இல்லன்னா சரி."

எல்லோரும் இப்படித்தான் இருக்கிறார்கள். எச்சில் கீழே போக வேண்டிய பொருள். குழாய் மேலே போகிறது. ஏன்?

3 மே, செவ்வாய்

லூ அடிக்கிறது, வடக்கத்தி அனல்காற்று. பகல் சாப்பாட்டுக்குப் பின் மொட்டைமாடி ஏறினேன். செருப்பில்லாமல் ஏறியது தவறு.

நினைத்தது சரி. குழாய் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே வந்து, முழங்கைபோல் மடங்கி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து வாய் திறந்து நிற்கிறது. தொட்டிக்கும் அதற்கும் ஒரு முழம் இருந்தால் அதிகம். தொட்டியின் மூடியைப் போன வருஷத்து ஆந்தி, புழுதிப்புயல், கொண்டுபோய்விட்டது; சௌத்ரி ஒரு தகரத்தைப் போட்டு மேலே செங்கல் வைத்திருக்கிறார். அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், சமைக்கிறோம், சுவாமிக்கு அபிஷேகம் செய்கிறோம்.

குழாய் வாயெதிரே நின்று பார்த்தேன். வெதுவெதுப்பான காற்று. முதலில் டெட்டால். பிறகு கிராம்பு. அதற்கு அடியில் இன்னொன்று: வாய் திறந்து தூங்குகிறவனின் தலையணையில் இருக்குமே, அது.

சந்தேகங்கள்:
— பின்சந்துப் பக்கம் திருப்பியிருக்கலாம். தொட்டிப் பக்கம் ஏன்?
— சுவரின் நிறத்திலேயே குழாய். யார் கண்ணில் படக்கூடாது என்று?
— நான் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வேலை ஆரம்பித்தது.
— சௌத்ரிக்கும் அவர் எருமைக்கும் முற்றத்தில் தனிக் கைப்பம்பு. அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

செ.யிடம் சொன்னேன். "உங்களுக்கு மூக்கு ஜாஸ்தி" என்றாள். இடப்பக்கம் வைத்து மென்றுகொண்டே.

நியாயத்துக்கு ஒன்று எழுதவேண்டும். முன்பு ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் பீங்கான் கிண்ணம், அதைச் சுற்றி ஈ. படியிறங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். இப்போது அந்தக் கிண்ணங்கள் இல்லை, ஈயும் இல்லை. அறை சுத்தம். ஆனால் ஒரு இடத்தின் அழுக்கு அங்கே இல்லை என்றால் வேறெங்கோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். எங்கே என்று எனக்குத் தெரியும்.

4 மே, புதன்

கூலர் புல் வந்தது. மட்டமான புல்.

காலையில் கீழே போய்க் கேட்டுவிட்டேன். நடந்ததை மறக்கும் முன் எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது மாற்றிச் சொல்வார்கள்.

மூன்று நாற்காலியிலும் ஆள். பெஞ்சிலும் கூட்டம். டா. பெரிய உருவம், சீமையில் படித்தவர். பெயர் சூரி. எங்கள் பக்கத்தில் சூரி என்றால் கத்தி. முதல் நாளே செ.யிடம் சொன்னேன், சிரித்தாள்.

"ஆயியே பிள்ளை சாப், பைட்டியே."

உட்காரவில்லை. ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தேன். குழாயில் வருவது என்ன? வெறும் காற்று என்றார். இழுத்ததெல்லாம் முதலில் ஒரு டிரம்மில் விழுகிறதாம். அங்கே எச்சிலும் தண்ணீரும் பிரிந்து சாக்கடைக்குப் போய்விடும், காற்று மட்டும் மேலே போகும். கிண்ணத்தில் துப்பிய காலத்தில் கிருமி அறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது, இனி அது கிடையாது, தினமும் சாயங்காலம் மருந்துத் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுகிறோம். எல்லாம் ஒப்பித்ததுபோல் வந்தது. குழாயின் வாய் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "பின்சந்துப் பக்கம்" என்றார். கொஞ்சமும் தயங்கவில்லை. நேரில் பார்த்துவிட்டு வந்தவனிடம்.

அந்தக் காற்று எச்சில் என்று சொல்ல ஆங்கிலத்தில் வார்த்தை தேடினேன். இல்லை. ஸலைவா என்பது வாயில் ஊறும் நீர், அவ்வளவுதான். ஒருவன் வாய் வைத்த டம்ளரை இன்னொருவன் எடுக்கக்கூடாது என்பது ஸலைவாவில் வராது. இங்கிலீஷ்காரனுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. ஹிந்தியில் வார்த்தை இருக்கிறது, ஜூட்டா. எவரிடமும் போய்ப் படிக்காமல், தமிழ் எழுத்தில் அச்சிட்ட போதினியை வைத்துக்கொண்டு நானே கற்ற ஹிந்தி. அதை வைத்தே ஆபீஸ் பரீட்சையும் எழுதித் தேறினேன். பெஞ்சில் இருந்தவர்களுக்கும் புரியட்டும் என்று உரக்கச் சொன்னேன்.

"டாக்டர் சாப், ஆப் கா ஹவா ஜூட்டா. ஆப் கா மெஷின் ஜூட்டா." உங்கள் காற்றும் எச்சில், மெஷினும் எச்சில்.

அவர் கை நின்றது. "க்யா கஹா?"

"ஜூட்டா."

"முஜே ஜூட்டா கஹா ஆப்னே? மரீஸோன் கே ஸாம்னே?"

நோயாளிகள் முன்னால் தன்னை அப்படிச் சொன்னேனா என்று கேட்கிறார். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? நாள் பூராவும் பிறர் வாயில் கை வைத்திருப்பவர். "ஹான், ஆப் பீ ஜூட்டா. ஸுபஹ் ஸே ஷாம் தக் ஜூட்டா" என்றேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை எச்சில். தொழில் அப்படி. குறையாகச் சொல்லவில்லை.

பெஞ்சில் ஒரு சர்தார்ஜி சிரித்துவிட்டார். ஒரு அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். டா. முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது. கதவைக் காட்டி, வெளியே போங்கள் என்றார். நோயாளியின் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் என்னை முறைத்தான்.

எச்சில் என்ற சொல்லுக்கு இத்தனை கோபமா? எதையோ மறைக்கிறார்.

5 மே, வியாழன்

சர்க்கரை கிடைத்தது. ஈரமாக இருந்தது. எடைக்காக நனைத்திருப்பான்.

கம்பவுண்டர் மேலே வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். டாக்டர் சொன்னாராம்: மாதாஜியின் பல்லை முடித்துத் தருவேன், அது என் கடமை, ஆனால் பிள்ளை சாப் கீழே வந்து, அதே மாதிரி நாலு பேர் முன்னால், சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டுப் போகட்டும்.

எச்சிலை எச்சில் இல்லை என்று எப்படிச் சொல்வது? ரிடையர் ஆகும் வரை, இருக்கிறதை இல்லை என்று நான் எந்த ஆபீசருக்கும் சொன்னதில்லை. அதனால்தான் நான் ஏற வேண்டிய படியில் வேறு ஆட்கள் ஏறினார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

செ. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒத்த வார்த்த. சொல்லிட்டு வந்தா உங்க நாக்கு தேஞ்சா போவும்?"

"குழாயத் திருப்பட்டும், சொல்லுதேன்."

"குழாயத் திருப்புத வரைக்கும் என் பல்லு காத்துக் கெடக்குமா?"

"நீ வேணும்னா போ. நான் தடுக்கல."

"வீட்டுக்காரரு அவமானப்படுத்திட்டு வந்த எடத்துல நான் போயி வாயப் பொளந்துக்கிட்டு உக்காரவா? நீங்க வந்தா போவேன்."

புதிய ஏற்பாடு: குடிக்கவும் சமைக்கவும் தொட்டித் தண்ணீர் கிடையாது. சௌத்ரி முற்றத்துக் கைப்பம்பிலிருந்து நானே வாளியில் கொண்டுவருகிறேன். எருமை ஒவ்வொரு தடவையும் தலையைத் திருப்பிப் பார்க்கிறது. சௌத்ரியும். முதுகு வலி, இடப்பக்கம். எழுதிவைக்கத்தான், சொல்வதற்கு இல்லை.

6 மே, வெள்ளி

சாட்சி வேண்டும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து இரண்டு துண்டு. ஒன்றைக் குழாயின் வாய்க்கு எதிரே கம்பில் கட்டினேன். மற்றதை மாடியின் அந்தக் கோடியில், துணிக்கொடியில். ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது என்பது நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. காலேஜில் படித்தவர்களுக்கு இது ஏன் தெரிவதில்லை என்று தெரியவில்லை.

மாலையில் ஆந்தி. வானம் காவிநிறமாகி ஜன்னல் எல்லாம் அடித்துக்கொண்டது. நின்ற பிறகு ஏறிப் பார்த்தேன். குழாயெதிரே கட்டியது பழுப்பு. கொடியில் கட்டியது அதைவிடப் பழுப்பு.

செ.: "ரெண்டும் ராஜஸ்தான் மண்ணு. தொவைக்கப் போடுங்க."

போடவில்லை. பேப்பரில் சுற்றி வைத்திருக்கிறேன். எச்சில் இருக்கிறது என்று நிரூபணமாகவில்லை என்பது உண்மை. இல்லை என்றும் நிரூபணமாகவில்லை.

7 மே, சனி

இட்லியில் யாருக்காவது பல் சாந்து விழுமா? விழுந்தது. காலைப் பலகாரத்தின்போது. செ. தட்டில் எடுத்து வைத்துக் காட்டினாள். பஞ்சும் பாதி வெளியே.

வேறு டாக்டர்: கரோல்பாக்கில் நம் ஆள் ஒருவர் உண்டு. போன் செய்தேன், ஊருக்குப் போயிருக்கிறார், ஜூனில்தான் வருகிறார். பக்கத்து மார்க்கெட்டில் ஒருவன் நடைபாதையில் பல் செட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை நான் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

கிராம்புத் தைலம் பஞ்சில் நனைத்து வைத்தாள். மோர் சாதம்.

படியில் டா. எதிர்ப்பட்டார். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவர் நின்று, "மாதாஜி டீக் ஹைன்?" என்று நலம் விசாரித்தார். சாந்து விழுந்தது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் கேட்டிருந்தால் எதற்குக் கேட்கிறார்? டீக் ஹை என்றேன்.

8 மே, ஞாயிறு

வீக்கம். வலது கன்னம் எலுமிச்சம்பழம் வைத்ததுபோல். உடம்பும் லேசாகச் சுடுகிறது. மலை மந்திர் போகவில்லை. மகன் பம்பாயில், எழுதினால் டாக்டர் பக்கம்தான் பேசுவான். எழுதவில்லை.

செ. டி.வி.யை வைத்துவிட்டுப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். சாதாரணமாக ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்கும்போது அவள் பேசுகிற பேச்சில் எனக்கு வசனமே கேட்காது. இன்று வசனம் முழுவதும் கேட்டது.

9 மே, திங்கள்

டா. வரச் சொன்ன நாள் இதுதான். போகவில்லை. பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வரிசை. உட்கார இடமில்லை. ஜன்னல் திண்டில் உட்கார வைத்து, நான் முன்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு சின்னப் பெண் டாக்டர், டார்ச் அடித்துப் பார்த்து, "இதை யார் திறந்தது?" என்றாள். சொன்னேன். "நல்ல வேலை செய்திருக்கிறார். அவரிடமே போங்கள். இரண்டு நாளில் போகாவிட்டால் இங்கே வாருங்கள், பிடுங்கிவிடலாம்." அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் ஏதாவது பழக்கமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

அங்கே நாற்காலிக்குப் பக்கத்தில் வாளி. எல்லோரும் அதிலேயே. பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் செ. முந்தானையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தாள். ஆர்.கே. புரம் தாண்டும்போது சொன்னாள்:

"இருக்கதே கொஞ்சம் பல்லு. அதயும் உங்க வாயாலயே புடுங்கிப் போடுதிய."

பதில் சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை. பஸ்ஸில் கூட்டம்.

10 மே, செவ்வாய்

வெயில் குறையவில்லை. வாளி தூக்கினேன்.

சாயங்காலம் சௌத்ரி மேலே வந்தார். ஹுக்கா இல்லாமல் அவரைப் பார்ப்பது அபூர்வம். உட்கார்ந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, சமாதானம் பேசும் குரலில் ஆரம்பித்தார்.

"பிள்ளை சாப், டாக்தர் ஜூட்டா நஹீன் ஹை. நேக் ஆத்மி ஹை."

நல்ல மனிதர், எச்சில் இல்லை என்கிறார். நல்ல மனிதராக இருந்தாலும் எச்சில் எச்சில்தானே? அப்படியே சொன்னேன். "நேக் ஆத்மி பீ ஜூட்டா ஹோதா ஹை, சௌத்ரி ஜி. ஆப் பீ ஜூட்டா. மைன் பீ ஜூட்டா." சாப்பிட்ட வாயைக் கழுவும் வரை நீங்கள், நான், எல்லோரும்தான். இதில் பெரியவர் சின்னவர் இல்லை.

சௌத்ரி வாயைத் திறந்தபடி இருந்தார். "மைன் பீ?"

"ஸப் லோக்."

"அவர் தன் பிள்ளைகள் தலைமேல் கைவைத்துச் சத்தியம் செய்கிறார்" என்றார் சௌத்ரி, ஹிந்தியில். எச்சிலுக்குச் சத்தியம் எதற்கு? இங்கே ஏதோ சரியில்லை என்று எனக்கு அப்போதே பட்டது. இவர்கள் இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு என்னைக் குழப்பப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம். செ. அழுகிறாள் என்று எழுந்தேன். சமையலறை வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாள். வலியில் கண்ணில் நீர், ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"இந்த வார்த்தயத்தான் அன்னைக்கும் சொன்னியளா? இப்படியேவா சொன்னிய?"

"வேற எப்படிச் சொல்ல?"

"எச்சின்னுல்லா சொன்னேன்னு என்கிட்ட சொன்னிய."

"எச்சிதான். ஜூட்டா."

"ஐயோ, நீங்க அவர பொய்யன்னு சொல்லிட்டு வந்திருக்கிய. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் பொய்யன்னு. இப்ப சௌத்ரியயும் சொல்லியாச்சு."

அவளுக்கு ஹிந்தி காய்கறி வண்டிக்காரனிடம் வந்தது. கொய்யாப்பழத்தை ஒருவன் கடித்துவிட்டு வைத்தால் ஒரு ஜூட்டாவாம். தராசில் ஏமாற்றினால் இன்னொரு ஜூட்டாவாம். உள்ளங்கையை என் வாய்க்கு முன்னால் வைத்து இரண்டையும் சொல்லச் சொன்னாள். முதல் எழுத்தில் காற்று கையில் அடித்தால் பொய்யன். அடிக்காவிட்டால் எச்சில். எனக்கு எப்படிச் சொன்னாலும் அடிக்கிறது. சௌத்ரிக்கு விஷயம் புரிந்ததும் தொடையில் தட்டிச் சிரித்தார், முற்றத்தில் எருமைவரை கேட்டிருக்கும். பிறகு அவரும் சொல்லிக்காட்டினார். ஒரு குடியிருப்பவனுக்கு வீட்டுக்காரன் பாடம் நடத்துவது.

போதினியை எடுத்துப் பார்த்தேன். இரண்டும் இருக்கின்றன. ஓரிடத்தில் எச்சில் என்று பொருள், இன்னோரிடத்தில் பொய்யன். தமிழில் அச்சடித்தால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. படித்த காலத்தில் ஒரு சொல்லுக்கு இரு பொருள் என்று நினைத்துவிட்டு, பொய்யனை மறந்துபோயிருந்தேன். அன்று அது பொருத்தமாகவும் பட்டது. இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு மூச்சுதான் வித்தியாசம் என்றால் அது அந்தப் பாஷையின் குறை.

ஆபீஸில் ஒரு சக்ஸேனா திடீரென்று என்னோடு பேசுவதை நிறுத்தியது ஞாபகம் வருகிறது. அவன் டம்ளரைப் பற்றித்தான் ஏதோ சொன்னேன். அவன் வேறு விதத்திலும் சரியில்லாதவன்.

"காலைல போயி சொல்லிருங்க" என்றாள் செ.

"என்னன்னு? நான் சொன்னது எச்சின்னு சொல்லுதேன். தப்புன்னு சொல்லமாட்டேன்."

"எதயாவது சொல்லுங்க."

11 மே, புதன்

செ. இரவு சரியாகத் தூங்கவில்லை. வீக்கம் தாடைவரை இறங்கியிருக்கிறது. வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை.

கிளினிக் திறந்ததும் போனேன். பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள், அதுவும் நல்லதுதான். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, "டாக்டர் சாப், ஜூட்டா" என்றேன். கையில் காற்றுப் பட்டுவிட்டது. மறுபடி சொன்னேன். டா. என் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டே நின்றார். கம்பவுண்டருக்குத்தான் முதலில் புரிந்தது. "ஜூட்டா, சாப். கானே வாலா ஜூட்டா" என்றான், சாப்பாட்டு எச்சில் என்று. டா. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்படியானால் என்னைப் பொய்யன் என்று நீங்கள் சொல்லவில்லை" என்றார், ஆங்கிலத்தில்.

"இன்னும் சொல்லவில்லை. மாடிக்கு வாருங்கள்."

வந்தார். அவ்வளவு பெரிய உடம்புக்கு அந்தப் படி கஷ்டம். மேலே போய், குழாயின் வாயையும் தொட்டியையும் தகரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்சந்துப் பக்கம் வைத்திருப்பதாகக் குழாய் மாட்டிய மிஸ்திரி சொன்னான், நான் ஏறிப் பார்க்கவில்லை என்றார்.

"பார்க்காததைப் பார்த்ததுபோல் சொன்னீர்கள். அன்று நான் எந்த ஜூட்டா சொல்லியிருந்தாலும் சரிதான்."

கோபப்படுவார் என்று தயாராக நின்றேன். படவில்லை. "சரிதான்" என்றார். வெயிலில் தலையைத் தடவிக்கொண்டார். குழாயைப் பின்சுவருக்கு வெளியே, ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றிவிடுகிறேன், தொட்டிக்குப் புது மூடியும் போடச் சொல்கிறேன், மாதாஜியை இப்போதே கீழே அழைத்து வாருங்கள் என்றார். இத்தனை சுலபமாக ஒருவர் ஒத்துக்கொண்டால் எனக்கு நம்பிக்கை குறைகிறது.

"முதலில் குழாய்" என்றேன். "மிஸ்திரி வரட்டும்."

படியில் செ. குரல். எப்போது ஏறி வந்தாள் என்று தெரியவில்லை. வாயைத் திறக்க முடியாமல் பல்லிடுக்கில் பேசினாள்.

"நீங்க ரெண்டு பேரும் குழாயப் பாத்துக்கிட்டு நில்லுங்க. நான் போயி நாற்காலில உக்காருதேன்."

திரும்பி இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு. டா. பின்னாலேயே போனார். நான் குழாயோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு நானும் இறங்கினேன்.

மெஷினை அப்போதுதான் அருகில் பார்த்தேன். உதட்டோரத்தில் கொக்கிபோல் ஒரு குழாய். ஷர்பத் தீர்ந்தபிறகும் உறிஞ்சுகிற சத்தம். டா. வாயை மெல்ல அகட்டிப் பல்லைத் திறந்தவுடன் சீழ் வந்தது, ரத்தத்தோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மறைந்துபோகிறது. ஒரு சொட்டுக்கூட அவள் கழுத்துக்கு இறங்கவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன்.

டா. பீச்சாங்குழலில் மருந்துத் தண்ணீர் அடித்துக் கழுவ ஆரம்பித்தார். கரண்ட் போயிற்று.

விளக்கு, காற்றாடி, கூலர், எல்லாம். மாடிப்படிக்கு அடியில் மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. வாய்க்குள் இருந்தது அப்படியே நின்றது. செ.க்கு விழுங்கவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. கண் மட்டும் என்னைத் தேடியது.

"கிண்ணம் எங்கே?" என்றேன்.

கம்பவுண்டர் டா.வைப் பார்த்தான். டா. சொன்னார், பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் போட்டாயிற்று. மூன்றையும்.

மே மாதத்து டெல்லியில், மோட்டாரை நம்பி, இருந்த கிண்ணத்தையெல்லாம் தூக்கிப் போட்டிருக்கிறார்கள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. செ. தொண்டையில் களகளவென்று சத்தம் கேட்டது.

அவள் தாடைக்குக் கீழே இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். துப்பு என்றேன். தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று. துப்புடி என்றேன். துப்பினாள். சூடாக இருந்தது.

மீதி வேலை கரண்ட் இல்லாமலே ஆகும், எல்லாம் கைவேலைதான் என்றார் டா. ஜன்னல் திரையை விலக்கினார். கம்பவுண்டர் ஒரு கையில் டார்ச், மறு கையால் கன்னத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டான். பீச்சினார், வந்தது, ஊசிபோன்ற அரத்தால் ராவினார், மறுபடி பீச்சினார். நிறைந்தபோது வாஷ்பேசினில் கொட்டிவிட்டு ஓடிவந்தேன். மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஓடியது. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

செ. முகத்தில் அந்த இறுக்கம் தளர்வதைப் பார்த்தேன். சீழ் இறங்க இறங்க வலியும் இறங்குகிறது என்றார் டா. பல்லை எடுக்க வேண்டாம், நின்றுவிடும். இன்னும் கொஞ்சம்தான்.

"ஹாத் மத் ஹட்டாயியேகா, பிள்ளை சாப்" என்றார், கையை எடுத்துவிடாதீர்கள் என்று.

நான் எங்கே எடுத்தேன்.